காயாத பாதித் தாள்

கடல் வந்த நாளிலிருந்து சபூறாவின் தையல் தாள்கள் காயவில்லை. சாய்ந்தமருதில் அன்றைக்கு நனைந்த மற்றதெல்லாம் ஒரு கிழமையில், மிஞ்சிப்போனால் ஒரு மாதத்தில் காய்ந்துவிட்டது. மெத்தை காய்ந்தது, அரிசி மூட்டை காய்ந்தது, அடையாள அட்டைகள் காய்ந்தன, ஒழுங்கையில் செத்துக் கிடந்த மாட்டின் எலும்பும் காய்ந்து வெளுத்தது. இந்தத் தாள்கள் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தன. சொட்டியது கடல் தண்ணீர். நம்பாதவர்கள் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்புத்தான் என்று சொல்லி எழும்பிப் போனார்கள். பறுவத்துக்கு, முழுநிலா நாளில், கூடுதலாகச் சொட்டும், மற்ற நாளில் குறைவு. ஊரறிந்த விஷயம் இது, சாட்சி தேவையில்லை.

சபூறா அந்தக் கடலோடு போனவள். வட்டவிதானை மீராமுகைதீனின் பெண்சாதி. வட்டவிதானை என்றால் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். அந்த வேலையில் முடி நரைத்தவன் ஒருத்தனையும் நம்பமாட்டான். நம்பினால் அவன் வேலைக்கு உதவமாட்டான். முதல்நாள் தோளில் கைபோட்டுக் கதைத்தவன் அடுத்தநாள் மற்றவன் வரம்பை வெட்டித் தண்ணீர் எடுப்பான். பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிறவன் வாய்க்காலுக்குள் மண்மூட்டை போட்டு அடைப்பான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து மீராமுகைதீன், மீன்காரனின் தராசிலிருந்து மோதினார் பாங்கு சொல்லும் நேரம் வரைக்கும் எதிலும் ஒரு பிழை கிடக்கும் என்று தேடுகிற ஆளாகிவிட்டார். கடலை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. கடல் யாருடைய முறையையும் களவெடுக்காது என்று சொல்லித் திரிந்தவர்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் மேற்கே வயல்வெளி வட்டையில் தண்ணீரோடு நின்றார், அங்கே கடல் வரவில்லை. மகள் நதீரா சம்மாந்துறையில் பெரியம்மா வீட்டில் நின்றாள், அங்கேயும் வரவில்லை. கடற்கரை வீட்டில் சபூறா மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தையல் தாள்களைப் பூச்சி அரிக்காமல் காற்றாட விடுவாள். இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிடுவது அவள் வழக்கம். பின்னேரம் மீராமுகைதீன் வந்து சேர்ந்தபோது வீடு இல்லை, மதில் இல்லை, கிணறு மணலால் மூடிக் கிடந்தது. கயிறு கட்டினபடியே இருந்தது. தண்ணீர் தென்னை வட்டுக்கு, ஓலைக் கொண்டைக்கு, மேலாலே போயிருக்கிறது. வட்டில் ஒரு மீன்வலை சிக்கிக் கிடந்ததே அதற்கு அடையாளம். ஆனால் ஒரு கிளிப் கழலவில்லை, ஒரு தாள் கிழியவில்லை, வரிசையும் மாறவில்லை. சபூறாவின் மையித்துக் கிடைக்கவில்லை. கூட்டமாக அடக்கிய குழியில் இருக்கலாம், கடலில் இருக்கலாம். கபுறு இல்லாத மனிசிக்கு எங்கே போய் நின்று யாசீன் ஓதுவது. மீராமுகைதீன் தாள்களைக் கழற்றி ஒரு வாளிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அந்த வாளியை அவர் இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை.

சபூறா தாள்களைப் பேணிய விதத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. குறுக்குத் தையலுக்குக் கட்டம் போட்ட தாள்தான் எல்லாம். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். கட்டத்துக்குள் இருக்கிற புள்ளி, வட்டம், கோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூல் நிறம். ஒரு கட்டம் தவறினால் ரோசாப்பூ கோணிவிடும், அவிழ்த்துத்தான் திரும்பத் தைக்கவேண்டும். ஆகவே தைத்து முடித்த கட்டத்துக்கு அடையாளம் போட்டுக்கொண்டே போவார்கள். மற்றப் பெண்கள் பென்சிலால் தாளிலேயே வெட்டுவார்கள், பூ முடியுமுன் தாள் கந்தலாகிவிடும். சபூறா ஆசுப்பத்திரியில் எடுத்த பழைய எக்ஸ்றே படங்களை வெளுக்கிற மருந்தில் ஊறப்போட்டு, கறுப்புப் போகத் தேய்த்துக் கழுவி, கண்ணாடி மாதிரி ஆக்கி, பின்னுக்குத் துணி வைத்து உறை தைத்தாள். தாள் உறைக்குள்ளே, அடையாளம் உறைக்கு மேலே. அடையாளத்துக்குச் சுர்மா. கண்ணுக்குப் போடுகிற அதே சுர்மாவை எண்ணெயில் குழைத்து, குச்சியால் தொட்டு, முடித்த கட்டத்தின் மேலே ஒரு பொட்டு. வேலை முடிந்ததும் பஞ்சால் ஒரு துடை, தாள் புதுத் தாள். குடும்பத்தில் யாருக்கு நெஞ்சுப் படம் எடுத்தாலும் வருத்தம் சுகமானதும் படம் சபூறாவுக்குத்தான். மீராமுகைதீனின் நெஞ்சுப் படமும் அப்படிப் போனது. அதில் மட்டும் மருந்து சரியாகப் பிடிக்காமல் விலாவெலும்பு மெல்லிசாகத் தெரிந்துகொண்டிருந்தது. தாள்களின் மூலையில் ஒரு நூல் முடிச்சு இருந்தது. அலங்காரம் என்று மனிசன் நினைத்துக்கொண்டார். அநேகமான தாள்கள் நடுவால் வெட்டித் திரும்பப் பசை வைத்து ஒட்டினவை. அதை அவர் கவனிக்கவே இல்லை. சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் தாளைப் பார்க்கவில்லை.

கூடாரத்தில் இருந்த காலம் முழுக்க அவர் காயவைத்துப் பார்த்தார். சூடடிக்கிற களத்தில் சித்திரை வெயிலில் விரித்தார். நெல்லுக்குள் புதைத்தார், நெல் உப்பேறிப் பழுதாய்ப் போனது. சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தார், கரி அணைந்தது. ஜவுபரின் பேக்கரியில் போறணைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்; ஜவுபரின் பாண் கொஞ்ச நாளைக்கு உப்புக் கரித்தது. ஊர் பேசாமல் தின்றது, அந்த வருஷம் எல்லார் வாயிலும் அந்த ருசிதான் இருந்தது. நிவாரணம் கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், கொழும்பில் இதற்கு மெசின் இருக்கிறது, ஒரு தாளைத் தாருங்கள் என்றாள். மீராமுகைதீன் தாளை மடியில் வைத்துக்கொண்டு தானும் அவளுடைய வான் வண்டியில் ஏறிப் போனார். மெசின் துருப்பிடித்தது. அவர் தாளோடு பஸ்ஸில் திரும்பி வந்தார். மௌலவியைக் கேட்டபோது, இதற்கு மார்க்கத்தில் தடையும் இல்லை, ஆதாரமும் இல்லை, பொறுமையாயிருங்கள் என்றார். பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. வயலை மண்போட்டு நிரப்பிக் கட்டின வீடு. அந்த வயலுக்கு முந்தித் தண்ணீர் விட்டவரே இவர்தான், ஆகவே அத்திவாரத்தை அவர் நம்பவில்லை. வீடு நதீராவின் பேரில் எழுதப்பட்டது. இந்தப் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குக் குடிவருவான். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இல்லை. அவளுடைய அந்த ஒரேயொரு சொத்தின் பின்னறையில் வாப்பா கொடி கட்டித் தாள்களைத் தொங்கவிட்டார். கீழே தாச்சி, சருவம், வாளி.

காயவைக்கும் வழியைக் கண்டது நதீரா, அதுவும் தேடாமல். கலியாணப் பேச்சு வருமுன் தலையணை உறை தைத்து வைப்போம் என்று உம்மாவின் பூச்சாடித் தாளை எடுத்து, சுர்மாப் பொட்டு வைத்து வைத்துத் தைத்தாள். கடைசித் தையலை முடிந்து நூலை அறுத்தபோது அசறுக்குப் பாங்கு சொன்னது. தாள் சரசரத்தது. காய்ந்திருந்தது. மீராமுகைதீன் இது கடையில் வாங்கின வேறு தாள் என்றார். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார், நக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த தாளைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். நதீரா தைத்தாள். சண்டை கிழக்கை விட்டு வடக்கே நகர்ந்த காலமெல்லாம் அவள் தைத்தாள். மேசைவிரிப்பு, ஜன்னல் சேலை, தொழுகிற பாய்க்கு ஓரம் என்று ஒவ்வொன்றாக முடிய, ஒவ்வொரு தாளாகக் காய்ந்தது. பின்னறையில் வாளிகள் குறைந்தன. நிந்தவூரிலிருந்து றமீஸ் என்ற பொடியனுக்குப் பேச்சு வந்தது. அரிசிக் கடையில் நிற்கிறவன், மரியாதையானவன். மீராமுகைதீன் அவனைப் பற்றி நிந்தவூர் முழுக்க விசாரித்துப் பார்த்து, பிழை ஒன்றும் கிடைக்காத கவலையோடு ஓம் என்றார்.

கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து வந்த படம்: ஆற்றங்கரையில் ஓட்டு வீடு. அதன் மேல்பாதிதான் இருந்தது. வானம், புகைக்கூண்டு, கூரை, அரைவாசி ஜன்னல். நதீரா அதையும் தைத்தாள். துணியின் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடந்தது. தாள் காயவில்லை. காயாதது மட்டுமல்ல, சொட்டு நூலாகியது, நூல் ஊற்றாகியது. மற்றத் தாள்களை விட்டுப் போன தண்ணீர் எங்கேயும் போகவில்லை, இதற்குள்தான் ஏறியிருக்கிறது என்று வட்டவிதானைக்கு ஒரு பார்வையில் விளங்கியது. எல்லா வாய்க்காலையும் அடைத்தால் அடைக்காத வாய்க்கால் உடைக்கும். பின்னறைச் சீமெந்து உரிந்தது, சுவரில் உப்புப் பூத்தது. றமீஸின் உம்மா வீடு பார்க்க வந்த நாள் பறுவமாய்ப் போனது. அவர் பிஸ்கட்டைக் கையில் எடுத்த நேரம் பின்னறைக் கதவுக்குக் கீழாலே ஒரு சின்ன நண்டு வந்து, காலடியில் நின்று பார்த்துவிட்டு, வாசலால் இறங்கிப் போனது.

"வீடு நல்ல வீடுதான் காக்கா. ஆனா என்ட மகனைக் கடலுக்குள்ள குடியிருத்த ஏலா. நோன்புக்கு முந்தி இதுக்கு ஒரு வழி பாருங்க. இல்லாட்டி வேற இடம் பாப்பம்."

வழி இருந்தது, எல்லாரும் சொன்னார்கள். கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம், புதைத்துவிடலாம். மீராமுகைதீன் அப்படிச் சொன்னவர்களோடு கதைப்பதை நிறுத்தினார். கபுறு இல்லாதவளுக்கு இருக்கிறது இது ஒன்றுதான். நதீரா தரை துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே ஒரு நாள் சொன்னாள்: "எனக்குக் கலியாணம் இல்லாட்டியும் பரவால்ல வாப்பா. உம்மாவை இப்பிடி ஊத்தவிட்டு வெச்சிரிக்கிறதுதான் பாவம்."

அன்றைக்குத்தான் அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சரியாகப் பார்த்தார். தண்ணீர் ஊற்றுகிற ஓரம் கிழிந்த ஓரமல்ல, கத்தரிக்கோல் வெட்டு. உறையின் எக்ஸ்றேயும் அதே நேருக்கு வெட்டப்பட்டிருந்தது. யாரோ பாதியைக் களவெடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, சபூறாவோடு கூடித் தைத்த ஸம்ஸியா பக்கத்து வீட்டில்தானே இருக்கிறாள். படலையில் நின்று, தெரு கேட்க, மையித்து வீட்டிலும் களவெடுக்கிற சாதியா நீங்கள் என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். ஸம்ஸியா அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். அரித்து முடித்துத்தான் எழும்பினாள்.

"வெட்டினது உங்கட பொஞ்சாதி. மற்றப் பாதி காரைதீவில இரிக்கி, அன்னப்பிள்ளையிட்ட. உங்களுக்குச் சொன்னா விடமாட்டீங்க எண்டுதான் சொல்லல்ல."

மிச்சத்தையும் அவள் சொன்னாள். சபூறாவும் காரைதீவு அன்னப்பிள்ளையும் குமராக இருந்த நாளில் கல்முனையில் ஒரே தையல் வகுப்பு. பிறகு முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் நடுவே கலவரங்கள் வந்தன. இரண்டு பக்கமும் வீடு எரிந்தது, இரண்டு பேருடைய தாள்களும் எரிந்தன. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு தாளையும் முழுசாக ஒரு வீட்டில் வைப்பதில்லை. நடுவால் வெட்டி, பாதி சாய்ந்தமருதில், பாதி காரைதீவில். எந்த வீடு எரிந்தாலும் மற்றப் பாதி தப்பும். மூலையில் முடிச்சு இருந்தால் இதன் சோடி மற்ற வீட்டில் என்று அர்த்தம். தன் பாதியைத் தைத்து முடித்தவள் ஆசுப்பத்திரிக் கிளினிக் வரிசையில் மற்றவளைச் சந்தித்து மாற்றி எடுப்பாள். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கட்டங்களையும் புள்ளிகளையும் பார்த்துவிட்டு இது எந்த முகாமின் படம் என்று கேட்டு, இரண்டு பேரையும் வெயிலில் நிற்க வைத்தானாம். சமாதானம் வந்த வருஷத்தில் இனிப் பயமில்லை என்று பாதிகளை எடுத்து ஒட்டினார்கள். தைத்துக்கொண்டிருந்த ஆற்றங்கரை வீடு மட்டும் மாற்றக் கிடந்தது. அதற்குள் கடல் வந்தது.

மீராமுகைதீன் ஸம்ஸியாவின் வாசற்படியில் இருந்துவிட்டார். ஊரிலுள்ள மடையெல்லாம் காவல்காத்த மனிசனின் சொந்த வீட்டுக்குள்ளால் அத்தனை வருஷம் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். விட்டிருக்கமாட்டார். ஸம்ஸியா தேத்தண்ணி கொடுத்தாள். சீனி போட்டிருந்தாளா இல்லையா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

அது வைகாசி மாதம். வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்ன கிழமை. பெரிய றோட்டில் வெடி கொளுத்தினார்கள், சாவடிகளில் பாற்சோறு வெட்டிக் கொடுத்தார்கள், கொடி கட்டின வாகனங்கள் போய்வந்தன. மீராமுகைதீன் தாளை வாளிக்குள் வைத்து, வாளியைச் சைக்கிள் கைபிடியில் கொழுவி, றோட்டு நீளத்துக்குத் தண்ணீர்க் கோடு இழுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனார். காரைதீவில் படலைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பட்டப்பகலில் ஒரு நாயும் ஒழுங்கையில் இல்லை. விசாரித்துப் போய்த் தட்டிய படலைக்கு உள்ளேயிருந்து ஆரென்று கேட்டது. சபூறாட மனிசன் என்றார். படலை உடனே திறந்தது.

அன்னப்பிள்ளை மெலிந்த மனிசி, தாலி இல்லாத கழுத்து. "கடல் வந்த அடுத்த நாள் வந்தனான் காக்கா. ஒழுங்கை முடக்கில நிண்டனான். நீங்க ஆரோடயோ சத்தம் போட்டுக்கொண்டு நிண்டீங்க. திரும்பி வந்திட்டன்" என்றாள். அவ்வளவுதான் துக்கம் விசாரித்தது.

அவளுடைய பாதி உள்ளறைச் சுவரில் தகரத்தகடு ஒன்றின் மேல் தொங்கியது. அது நனையவில்லை. அது சுட்டது. அவளுடைய மகன் கோகுலன் சில வருஷத்துக்கு முன் ரியூசனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இயக்கம் கொண்டுபோனது, பிறகு வன்னியில் நிற்கிறான் என்று கேள்வி. இந்த வருஷம் தைப்பொங்கல் கழியத் தாள் இளஞ்சூடாக இருந்தது. மாசியில் கை வைக்க முடியவில்லை. சித்திரையில் சுவர்ச் சாந்து வெடித்தது, அவள் மரப்பெட்டியை அறையைவிட்டு வெளியே எடுத்தாள். சண்டை முடிந்தது என்று சொன்ன அன்றைக்கும் சூடு கூடவுமில்லை, குறையவுமில்லை. மகனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அடையாளம் சொல்லாத ஆட்கள் வந்து பொடியன் எங்கே என்று விசாரித்துப் போயிருந்தார்கள். அதில் ஒருவன் சுவரில் சாய்ந்துவிட்டுத் துள்ளி எழும்பி, பின்னுக்கு என்ன எரிகிறது என்று கேட்டான். அடுத்தமுறை தகரத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மீராமுகைதீன் தாளின் உறையைப் பார்த்தார். எக்ஸ்றே ஓரத்தில் மெல்லிசாக விலாவெலும்பு. தன்னுடையதுதான். சபூறா அவருடைய நெஞ்சுப் படத்தையும் நடுவால் வெட்டி, ஒரு பக்கத்தைத் தன் வீட்டிலும் மறு பக்கத்தை இந்த வீட்டிலும் வைத்திருக்கிறாள். அவர் சட்டைக்கு மேலால் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, அந்தப் பாதியைத் தா, இரண்டையும் ஒட்டினால் என்னுடையது காயும், உன்னுடையது ஆறும் என்றார்.

அன்னப்பிள்ளை தலையாட்டவில்லை. "ஒட்டிறதில்ல காக்கா. சமாதானம் எண்டு நம்பி ஒட்டினதையெல்லாம்தான் கடல் நனைச்சது. மாத்தித்தான் எடுக்கிற. என்ட பாதி உங்கட வீட்டுக்கு, உங்கட பாதி இஞ்ச. அதுதான் நானும் சபூறாவும் வெச்ச முறை."

முறை என்ற சொல்லுக்கு எதிராகக் கதைக்க வட்டவிதானைக்கு வாய் வரவில்லை. ஆனால் கையும் வாளியை விடவில்லை. நான் போன பிறகு நீ இதைக் கிணற்றடியில் எறியமாட்டாய் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

"நீங்க என்ட புள்ளையை எறியமாட்டீங்க எண்டு நான் எப்பிடி நம்புற?"

வாளித் தண்ணீர் அவர் காலடியில் வழிந்து அறை மூலைக்கு ஓடியது. அவள் ஒரு சருவத்தைக் கொண்டுவந்து வைத்தாள், கொடியில் இரண்டு கிளிப்பைத் தள்ளி இடம் விட்டாள். அவர் சபூறாவின் தாளை எடுத்துத் தன் கையாலேயே கொழுவினார். கிளிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சூட்டுத் தாளை அவள் சாக்கால் பிடித்து அவருடைய வாளிக்குள் இறக்கியபோது, அடியில் கிடந்த மிச்சத் தண்ணீர் சீறி ஆவியாகப் போனது.

திரும்பி வரும்போது சாவடியில் மறித்தார்கள். பாற்சோற்றுத் துண்டு ஒன்றை வாழையிலையில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, வாளிக்குள் என்ன என்று கேட்டான் ஒருவன். தையல் தாள் என்றார். எட்டிப் பார்த்தான், கட்டம் கட்டமாகப் பூக்கள், விட்டுவிட்டான். பாற்சோற்றை எறிந்தால் பார்ப்பார்கள், தின்னவும் மனம் வரவில்லை. அதையும் வாளிக்குள் போட்டார். வீடு வந்து சேருமுன் அது கருகிப் போயிருந்தது.

பின்னறை காய்ந்தது. சுவரில் பூத்த உப்பை நதீரா தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுத்தாள். கீழ்ப்பாதியைப் பார்த்து, வெறுமையாக இருந்த துணியில் ஆறும் கரையும் ரோசாச் செடியும் தைத்தாள். ஆற்றில் இருந்த சோடி அன்னத்தை மட்டும் தைக்காமல் விட்டாள். உம்மா பறவை, மிருகத்தின் உருவத்தைத் தைப்பதில்லை. அவள் தைக்கத் தைக்கத் தாளின் சூடு இறங்கி, காய்ச்சல் விடுகிற பிள்ளையின் நெற்றி அளவுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. றமீஸின் உம்மா வந்து, தரையில் கால் வைத்துப் பார்த்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, இது என்ன சூடு என்று கேட்டார். அது காரைதீவுப் பிள்ளை என்றாள் நதீரா. தண்ணீர் இல்லைத்தானே என்றார் அவர். நோன்புக்கு முந்திக் காவின் எழுதிக் கலியாணத்தை முடித்தார்கள். றமீஸ் ஒரு சூட்கேசோடு குடிவந்தான். மாரி மழையில் ஊரே ஈர உடுப்போடு திரிய, அவனுடைய சாறன் மட்டும் எந்த நாளும் காய்ந்திருந்தது. பிறகு அவர்களுடைய பிள்ளையின் துணிகளும் அந்தச் சுவரோரம்தான் காய்ந்தன.

காரைதீவில் சபூறாவின் பாதி அடங்கிச் சொட்டுகிறது, ஒரு நாளைக்கு ஒரு சருவம். அன்னப்பிள்ளை உப்பு வாங்குவதை விட்டுவிட்டாள். சில நாட்களில் அவள் சாய்ந்தமருதுக்கு வந்து, கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னறைக்குப் போய், தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். மீராமுகைதீன் ஜும்ஆ முடிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரைதீவுக்குப் போய், சருவத்துக்குப் பக்கத்தில் இருந்து யாசீன் ஓதுவார். அவர் ஓதி முடியும்வரை அன்னப்பிள்ளை அடுப்படியில் சட்டி பானைச் சத்தம் வரவிடமாட்டாள். எழும்புமுன் அவர் கிளிப் இரண்டையும் இழுத்துப் பார்ப்பார், சருவம் சொட்டுக்கு நேரே இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கே போகிறீர்கள் என்று றோட்டில் யாராவது கேட்டால், அந்த மனிசி சருவத்தைச் சரியாக வைக்கிறாளோ தெரியாது, ஒருக்காப் பார்த்துவிட்டு வாறன் என்பார். ஆட்களை நம்பி அவருக்குப் பழக்கமில்லை.